மாரடைப்பு என்று எழுதிவிட்டார்கள். வெயில் என்று யார் எழுதுவது?

வேலூர் மாவட்டம் குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியில் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால், அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு, கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருடைய தம்பி 24 வயதில் இறந்துவிட்டார். தந்தை முன்பே காலமாகிவிட்ட குடும்பம். தம்பிக்குத் திருமணம் ஆகவில்லை. பெங்களூருவில் கட்டடங்களுக்கு உள்ளே பால்ஸ் சீலிங் அமைக்கும் வேலையில் இருந்தவர், அம்மாவின் கண்புரை அறுவை சிகிச்சைக்காக 2025 ஏப்ரலில் ஊருக்கு வந்தார். சிகிச்சை முடிந்து திரும்பும்வரை வீட்டில் சும்மா இருக்க வேண்டாமே என்று, அருகில் நடந்துகொண்டிருந்த தார்ச்சாலைப் பணிக்கு நாள் கூலி 700 ரூபாய்க்குப் போனார். ஆள் சேர்த்தவர் ஒரு மேஸ்திரி. அவருக்கு மேலே ஒரு துணை ஒப்பந்ததாரர். அவருக்கும் மேலே, நெடுஞ்சாலைத் துறையிடம் பணி எடுத்த ஒப்பந்ததாரர். மூன்றாம் நாள் பிற்பகல், கொட்டிய தார்க்கலவையை வாரியால் இழுத்துப் பரப்பிக்கொண்டிருந்த தம்பி, சம்பந்தமில்லாமல் பேசத் தொடங்கி, நடை தடுமாறி, விழுந்து, வலிப்பு வந்து நினைவிழந்திருக்கிறார். "உடம்பு தோசைக்கல் மாதிரி சுட்டது" என்று தூக்கியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆம்புலன்ஸில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோன சிறிது நேரத்தில் உயிர் பிரிந்தது. பிரேதப் பரிசோதனை அறிக்கையில் இதயச் செயலிழப்பு என்று இருக்கிறது.

காரியம் முடிவதற்கு முன்பே ஒப்பந்ததாரர் தரப்பினர் வீட்டுக்கு வந்து ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுத்து, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிய முத்திரைத்தாளில் அம்மாவிடம் கைநாட்டு வாங்கிப் போயிருக்கிறார்கள். பெரியப்பா சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். முந்தின இரவு தம்பி நண்பர்களோடு குடித்திருந்தான் என்ற பேச்சும் ஊரில் பரவிவிட்டது. முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு, அவர் விழுந்த இடத்திலேயே சாலையோரப் புளியமரத்தடியில் ஒரு கல் நட வேண்டும், ஒரு தண்ணீர்ப் பந்தல் வைக்க வேண்டும் என்பது சகோதரியின் ஆசை. வழக்குப் போடலாம் என்று ஒருவர் சொன்னபோது, "என் பிள்ளையை விலை பேசாதீர்கள்" என்று அம்மா அழுதிருக்கிறார். கடிதத்தின் கடைசி வரி இது: "போய் வா என்று அனுப்பியது நான்தான், அந்த நினைப்பு என்னைத் தூங்க விடவில்லை."

அன்புச் சகோதரி,

உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். நான் மனநல ஆலோசகன் அல்ல. ஆனால் வேலையிடத்து மரண வழக்குகளை நடத்தி வருகிறவன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும். வெயிலுக்குப் பழகாத ஒருவரின் உடல், கடும் வெயிலில் கடும் உழைப்பைத் தாங்கும் நிலைக்கு வர ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு வாரங்கள் பிடிக்கும். வியர்வை சுரக்கும் அளவு, வியர்வையில் வெளியேறும் உப்பின் அளவு, இதயம் துடிக்கும் வேகம் எல்லாம் அந்த நாட்களில்தான் மெல்ல மெல்ல மாறிக்கொள்கின்றன. வெயிலில் வேலை செய்து இறப்பவர்களில் பலர் வேலைக்குச் சேர்ந்த முதல் சில நாட்களிலேயே இறப்பதற்கு இதுதான் காரணம். இளமையும் உடற்கட்டும் இதிலிருந்து காப்பாற்றுவதில்லை. பார்க்கப்போனால், இளைஞர்கள்தான் தலைசுற்றலைப் பொருட்படுத்தாமல் தாக்குப்பிடிக்கப் பார்ப்பார்கள். பெங்களூருவில் கூரைக்குக் கீழே வேலை செய்து பழகிய ஒருவரைச் சித்திரை மாதத்து வேலூர் வெயிலில், ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் வந்து இறங்கும் தார்க்கலவையின் முன்னால், முதல் நாளிலிருந்தே முழுநேரமும் நிறுத்தினார்கள். புதிய ஆளுக்கு நேரத்தைக் குறைத்துக் கொடுப்பதும், உச்சிவேளையில் வேலையை நிறுத்துவதும், நிழலும் குளிர்ந்த தண்ணீரும் வைப்பதும் வேலை வாங்குகிறவரின் பொறுப்பு. வேலைக்குப் போய் வா என்று சொன்ன அக்காவின் கையில் இவற்றில் எதுவும் இருக்கவில்லை.

இதை ஆறுதலுக்காக மட்டும் சொல்லவில்லை. உங்கள் வழக்கின் மையமும் இதுதான்.

அறிக்கையில் 'இதயச் செயலிழப்பு' என்று இருப்பது

இந்த ஒரு சொல்லால் எல்லாம் முடிந்துவிட்டதாக நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. ஹீட் ஸ்ட்ரோக் எனப்படும் வெப்பத் தாக்கால் இறந்தவரின் உடலை அறுத்துப் பார்த்தால், இதுதான் காரணம் என்று கையைக் காட்டும்படியான தனி அடையாளம் எதுவும் பொதுவாகக் கிடைப்பதில்லை. எல்லா மரணத்திலும் கடைசியில் இதயம் நிற்கத்தான் செய்யும். வெப்பத் தாக்கை உறுதிப்படுத்துவது, உயிர் இருந்தபோது அவருடைய உடல் எப்படி இருந்தது என்ற தகவலே. உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்ததா, மூளை பாதிக்கப்பட்டதற்கான அறிகுறி இருந்ததா என்பவைதான் கேள்விகள். சம்பந்தமில்லாத பேச்சு, தடுமாற்றம், வலிப்பு, சுடும் உடம்பு என்று நீங்கள் எழுதியிருக்கும் நான்கும், எந்த மருத்துவரிடம் காட்டினாலும், முதலில் அந்தத் திசையில் யோசிக்க வைக்கும் அறிகுறிகள்.

ஆகவே பிரேதப் பரிசோதனை அறிக்கையோடு நின்றுவிடாதீர்கள். ஆம்புலன்ஸில் வந்த மருத்துவ உதவியாளர் எழுதிய குறிப்பும், அவசர சிகிச்சைப் பிரிவின் பதிவேட்டுக் குறிப்பும், கேஸ் ஷீட்டின் நகலும் வேண்டும். அவற்றில் காய்ச்சல் அளவு குறிக்கப்பட்டிருக்கலாம். சிறுநீர் காபி நிறத்தில் இருந்தது என்ற ஒரு வரி இருந்தால்கூட, வெப்பத்தில் தசைகள் சிதைந்ததற்கு அது சான்றாகும். அன்றைய வெயில் அளவை இந்திய வானிலை ஆய்வுத் துறையிடமிருந்து எழுத்துமூலம் பெறலாம். வேலூரில் அவர்களுக்கு நிலையம் இருக்கிறது. இவற்றை எல்லாம் ஒரு பொது மருத்துவ நிபுணரிடம் காட்டி, அவருடைய கருத்தைச் சாட்சியமாக வைக்கலாம். பிரேதப் பரிசோதனை அறிக்கையைத் திருத்தச் சொல்லி அலைய வேண்டியதே இல்லை.

சட்டம் கேட்பதும் இதயமா வெயிலா என்ற கேள்வி அல்ல. மரணம் வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த விபத்தா என்றுதான் அது கேட்கிறது. வேலையின் அழுத்தம் மரணத்துக்குக் காரணமாகவோ அதை விரைவுபடுத்தவோ செய்திருந்தால் அதுவும் விபத்தே என்பதை நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. பல நூறு கிலோமீட்டர் தொடர்ந்து லாரி ஓட்டிவந்து வழியில் மாரடைப்பால் இறந்த ஓட்டுநரின் குடும்பத்துக்கு இழப்பீடு உண்டு என்று பரம்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012 டிசம்பரில் தீர்ப்பளித்தது. ஆனால் அதே நீதிமன்றம் 2006-இல், வண்டியில் கிளீனராகச் சென்று மாரடைப்பால் இறந்த இன்னொருவரின் வழக்கில், வேலையின் அழுத்தத்துக்குச் சான்று இல்லை என்று கூறி மறுத்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வேலை செய்துகொண்டிருக்கும்போது இறந்தார் என்பது மட்டும் போதாது. அந்த வேலை அவருடைய உடலை என்ன செய்தது என்று காட்ட வேண்டும்.

அதைக் காட்ட உங்களிடம் ஏற்கெனவே ஒரு பொருள் இருக்கிறது. தம்பியின் போன். அன்று பகல் 12 மணிக்குப் பிறகு ரோடு ரோலரின் நிழலில் குந்தியிருக்கும் படத்தை உங்களுக்கு அனுப்பி, "அக்கா, கேன் தண்ணி டீ மாதிரி சுடுது, தல கிறுகிறுங்குது" என்று குரல் செய்தி போட்டிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு மரண வழக்கில் இவ்வளவு தெளிவாக இறந்தவரே பேசுவது அரிது. நிழலுக்கு ரோலரைத் தவிர வேறொன்றும் இல்லை என்பதும், தண்ணீர் வெயிலில் கிடந்தது என்பதும், விழுவதற்கு முன்பே அறிகுறி தொடங்கிவிட்டது என்பதும் அந்த ஒரு செய்தியிலேயே நேரத்தோடு பதிவாகியிருக்கின்றன. அந்தப் போனையும் உங்கள் போனையும் யாருக்கும் கொடுக்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள், அந்த உரையாடலை அழிக்காதீர்கள். மின்னணுப் பதிவைச் சாட்சியமாக்கத் தேவையான சான்றிதழை உங்கள் வழக்கறிஞர் தயாரித்துக் கொடுப்பார். தம்பியின் எண்ணுக்கு ரீசார்ஜும் செய்துகொண்டே இருங்கள். பயன்படுத்தாத எண் வேறொருவருக்குப் போய்விடும்.

அம்மா வைத்த கைநாட்டு

கடிதத்தில் நீங்கள் அதிகம் பயப்படுவது இந்தத் தாளுக்குத்தான். உண்மையில், அஞ்ச வேண்டிய தேவை மிகக் குறைவாக இருப்பதும் இதில்தான்.

1923-ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, மரண இழப்பீட்டைக் குடும்பத்தின் கையில் நேரடியாகக் கொடுப்பதை ஏற்பதில்லை. இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தொழிலாளர் துறை அதிகாரியான இழப்பீட்டு ஆணையரிடம் செலுத்த வேண்டும். நேரடியாகக் கொடுத்தது இழப்பீடு கொடுத்ததாகவே கருதப்படாது. இப்படிப்பட்ட வீட்டு வாசல் பேரங்களை நினைத்துத்தான் நூறு ஆண்டுகளுக்கு முன்பே அப்படி எழுதிவைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். மூன்று மாதக் கூலிக்கு மேற்படாத தொகையை முன்பணமாகக் கொடுக்க மட்டும் முதலாளிக்கு அனுமதி உண்டு, அதை ஆணையர் பின்னர் கழித்துக்கொள்வார். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்பது 17-ஆம் பிரிவு. ஆகவே அந்த முத்திரைத்தாள் உங்கள் அம்மாவைக் கட்டுப்படுத்தாது.

அதே வேளையில் ஒன்றரை லட்சம் வாங்கியதை மறைக்க வேண்டாம். மனுவிலேயே தேதியோடு சொல்லிவிடுங்கள். பணம் கொடுத்து எழுதி வாங்கியது, தம்பி தங்களிடம் வேலை செய்தவர் என்பதை அவர்களே ஒப்புக்கொண்டதாகவும் ஆகிறது. அந்தத் தாளின் நகல் பெரியப்பாவிடம் இருந்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று அவர் தயங்கக்கூடும். அதனால் அவருக்குச் சட்டப்படி எந்தச் சிக்கலும் வராது என்று எடுத்துச் சொல்லுங்கள்.

மூன்றே நாள் வேலை, பதிவும் இல்லை, குடித்திருந்தார் என்கிறார்கள்

இவை மூன்றும் ஊரில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுபவை. மூன்றுக்கும் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். தற்காலிகக் கூலி ஆட்களை விலக்கிவைத்த பழைய வாசகம் 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டது. மூன்று நாள் என்ன, முதல் நாள் முதல் மணி நேரத்தில் இறந்தாலும் உரிமை உண்டு. சாலை அமைப்பதும் பழுதுபார்ப்பதும் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்ட வேலைகள். நியமன உத்தரவு தேவையில்லை. மேஸ்திரி ஆள் கணக்கு எழுதும் நோட்டு, கூலி அனுப்பிய ஜிபே பதிவு, உடன் வேலை செய்தவர்களின் வாய்மொழி ஆகியவை போதும்.

குடியைப் பற்றிய பேச்சு உங்கள் குடும்பத்தை மிகவும் காயப்படுத்தியிருப்பது கடிதத்தில் தெரிகிறது. வேலை செய்தவர் மதுவின் பிடியில் இருந்தார் என்று சொல்லித் தப்பிக்கும் வழி, காயத்தோடு பிழைத்தவர்களின் வழக்கில்தான் முதலாளிக்கு உண்டு. விபத்து மரணத்தில் முடிந்துவிட்டால் அந்த வாதத்தை எடுக்கவே சட்டம் இடம் தரவில்லை. ஆகவே முந்தின இரவு அவர் குடித்தாரா இல்லையா என்று ஊரில் யாரோடும் நீங்கள் வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம்.

யார் கேட்பது, யாரிடம், எவ்வளவு

நீங்கள் உங்கள் பெயரில் மனுப் போட நினைக்கிறீர்கள். அது சரியாக இருக்காது. திருமணமான அக்கா இந்தச் சட்டத்தில் சார்ந்திருப்பவர் பட்டியலில் வரமாட்டார். கணவரை இழந்த தாய், மகனின் சம்பாத்தியத்தில்தான் வாழ்ந்தேன் என்று தனியாக மெய்ப்பிக்க வேண்டிய தேவைகூட இல்லாமல், முதல் வரிசையிலேயே வருகிறார். மனுதாரர் உங்கள் அம்மா. நீங்கள் சாட்சி. அந்தக் குரல் செய்தி உங்களுக்கு வந்ததால், நீங்கள்தான் முதன்மைச் சாட்சியும்கூட.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டதால், பழைய சட்டம் போய்விட்டது என்று யாராவது உங்களைக் குழப்பலாம். இழப்பீட்டு உரிமை விபத்து நடந்த நாளிலேயே பிறந்துவிடுகிறது. தம்பியின் மரணம் அந்தத் தேதிக்கு முந்தையது. பழைய சட்டத்தின் கணக்கே அவருக்குப் பொருந்தும்.

மாதக் கூலியில் பாதியை, வயதுக்கேற்ற காரணியால் பெருக்க வேண்டும். நாளுக்கு 700 ரூபாய் வீதம் 26 நாளுக்கு 18,200 வந்தாலும், கணக்கில் எடுத்துக்கொள்ளும் உச்சவரம்பு 15,000 ரூபாய். அதில் பாதி 7,500. நிறைவடைந்த வயது 24 என்றால் காரணி 218.47. பெருக்கினால் 16,38,525 ரூபாய். அடக்கச் செலவு இதற்கு மேல் தனி. உரிய காலத்தில் செலுத்தாததற்கு ஆண்டுக்கு 12 சதவீதத் தனிவட்டியும், நியாயமான காரணம் இல்லாவிட்டால் 50 சதவீதம்வரை அபராதமும் சேரலாம். ஒன்றரை லட்சம் எங்கே, இது எங்கே என்று அம்மாவிடம் நீங்களே சொல்லிப் பாருங்கள்.

மனுவை வேலூரில் உள்ள இழப்பீட்டு ஆணையர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். மேஸ்திரி, துணை ஒப்பந்ததாரர், ஒப்பந்ததாரர், நெடுஞ்சாலைத் துறை எல்லோரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்க வேண்டும். பணியை ஒப்பந்தத்துக்கு விட்டவரும் பொறுப்பு என்கிறது 12-ஆம் பிரிவு, அரசுத் துறைக்கும் அது பொருந்தும். ஒப்பந்ததாரர் தொழிலாளர்களுக்காகக் காப்பீடு எடுத்திருந்தால் அந்த நிறுவனத்தையும் சேர்க்க வேண்டும். ஒப்பந்தப் பத்திரத்தின் நகலையும் காப்பீட்டு விவரத்தையும் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி நெடுஞ்சாலைத் துறையிடம் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம்; 30 நாளில் பதில் தர வேண்டும்.

வழக்கறிஞர் செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் அம்மாவை அழைத்துப்போய் மனுக் கொடுங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்கு முதலில் பேசுங்கள். வரும் தொகையில் இத்தனை சதவீதம் எனக்கு என்று பேரம் பேசிக்கொண்டு யாராவது வந்தால், கறுப்பு அங்கி போட்டவராக இருந்தாலும், வாசலோடு அனுப்பிவிடுங்கள். எங்கள் தொழிலில் அதற்கு அனுமதி கிடையாது.

இவை தவிர இரண்டு அரசு நிவாரணங்களையும் கேட்க வேண்டும். வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024 அக்டோபரில் அறிவித்து, வெப்பத் தாக்கால் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று நிர்ணயித்திருக்கிறது. இதற்கு வட்டாட்சியரிடமும் திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடமும் மனுக் கொடுங்கள். மேலே சொன்ன மருத்துவக் குறிப்புகள் இங்கேயும் தேவைப்படும். கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்யாதவர் பணியிடத்தில் விபத்தில் இறந்தாலும் குடும்பம் உதவித்தொகை கோரலாம். அதற்கும் விண்ணப்பியுங்கள்.

ஒப்பந்ததாரர் மீது கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாகக் கிரிமினல் வழக்கு நடத்த வேண்டும் என்று உங்கள் கணவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் உரிமை, தடுக்க மாட்டேன். ஆனால் அங்கே சந்தேகத்துக்கு இடமின்றிக் குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டும், ஆண்டுகள் ஓடும். இழப்பீட்டு வழக்கில் யார் தவறு என்பதையே காட்டத் தேவையில்லை. என்னைக் கேட்டால் முதலில் இழப்பீடு.

'பிள்ளையை விலை பேசுவது'

அம்மாவின் இந்த வார்த்தைக்குச் சட்டப் புத்தகத்தில் பதில் இல்லை. ஒருவேளை இப்படிச் சொல்லிப் பார்க்கலாம். விலை பேசியது ஏற்கெனவே நடந்துவிட்டது. வீட்டுக்கு வந்து ஒன்றரை லட்சத்துக்குப் பேசியவர்கள், அந்தத் தாளில் தம்பி எந்த வேலையில், எந்த இடத்தில், எப்படி இறந்தார் என்று ஒரு வரிகூட எழுதவில்லை என்கிறீர்கள். காவல் நிலையத்தில் சந்தேக மரணம், அறிக்கையில் இதயம், ஊர் வாயில் குடி. இன்றைய தேதியில் அரசாங்கத்தின் எந்தக் காகிதத்திலும் உங்கள் தம்பி ஒரு சாலைத் தொழிலாளி என்று இல்லை. ஆணையர் எழுதும் உத்தரவில்தான் முதல் தடவையாக, இன்னார், இன்ன சாலையில், இன்ன தேதியில், வேலையின் காரணமாக இறந்தார் என்று ஒரு அரசு அதிகாரி விசாரித்து எழுதுவார். தொகை அந்த உத்தரவின் கடைசிப் பத்தி மட்டுமே.

அந்தத் தொகையும் அம்மாவுக்கே பாதுகாப்பாகச் சேரும்படி, வங்கியில் வைப்பாகப் போட ஆணையர் உத்தரவிடலாம். கடன்காரர் யாரும் அதை ஜப்தி செய்ய முடியாது. முதல் ஒன்றரை லட்சத்தில் பாதி உறவினர்களின் கைமாற்றாகப் போய்விட்டது என்று எழுதியிருப்பதால் இதைச் சொல்கிறேன்.

புளியமரத்தடியில் கல்

இந்த ஆசையை உங்கள் ஊர்க்காரர்கள் சிலர் விநோதமாகப் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பழைய வடாற்காட்டுக்காரர்கள் அப்படிப் பார்க்கக் கூடாது. 1989-இல் திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரியும்வரை இந்த மாவட்டத்தில் இருந்த செங்கம் வட்டாரம், தமிழ்நாட்டிலேயே நடுகற்களுக்குப் பேர்போனது. அவற்றில் எடத்தனூர்க் கல் மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கப்போய் உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்பவரின் பெயரையும், அவர் யாருடைய ஆள் என்பதையும், கோவிவன் என்ற நாய் இரண்டு கள்வரைக் கடித்துக் காவல் நின்றதையும் அது சொல்கிறது. அரசனைப் பற்றி அந்தக் கல்லில் இருப்பது ஆண்டுக் கணக்கு மட்டும்தான். மாடு காத்தவனுக்கும் நாய்க்கும்தான் மீதி இடம். உங்கள் தம்பிக்குக் கல் நட நினைப்பதில் விநோதம் ஒன்றும் இல்லை.

இடம்தான் சிக்கல். அந்தப் புளியமரமும் அதன் அடியும் நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தமானவை. பொதுச் சாலைகளிலும் நடைபாதைகளிலும் சிலையோ கட்டுமானமோ வைக்க மாநில அரசுகள் அனுமதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் உத்தரவிட்டிருக்கிறது. இரவோடு இரவாக நட்டுவிடலாம் என்று தம்பியின் நண்பர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். சாலையை அகலப்படுத்தும் நாளில் ஜேசிபி வந்து பெயர்த்துப் போடும். அதை நீங்கள் இன்னொரு முறை பார்க்க வேண்டாம். சாலையைப் பார்த்தபடி உங்கள் மாமனாருக்குப் பட்டா நிலம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் சம்மதித்தால் வரப்போரம் நடலாம். தண்ணீர்ப் பந்தலும் அங்கேயே வைக்கலாம். பந்தலில் பானையோடு ஓஆர்எஸ் பொட்டலங்களையும் வையுங்கள். அந்தச் சாலையில் அடுத்த முறை வேலைக்கு வருகிறவர்கள் வந்து குடிக்கட்டும்.

கல்லில் என்ன எழுதுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒப்பந்ததாரரின் பெயர் வேண்டாம். வழக்கு நிலுவையில் இருக்கும்போது அது அவதூறு வழக்குக்கு இடம் கொடுக்கும். தம்பியின் பெயர், வயது, தேதி, "சாலைத் தொழிலாளி" என்ற சொல், "சித்திரை வெயிலில் இச்சாலைப் பணியின்போது இறந்தார்" என்ற ஒரு வரி. இதில் யாரும் குறை காண முடியாது. 'அகால மரணம்' என்று போடச் சொல்லி உறவினர்கள் கேட்பார்கள். அது காரணத்தைச் சொல்லாத சொல், என்னைக் கேட்டால் தவிர்த்துவிடலாம்.

மனுவுக்குக் காலவரம்பு மரணத்திலிருந்து இரண்டு ஆண்டுகள். அதாவது 2027 ஏப்ரல்வரை சட்டம் காத்திருக்கும். ஆனால் சாட்சிகள் காத்திருக்க மாட்டார்கள். உடன் வேலை செய்தவர்களில் இருவர் உள்ளூர்க்காரர்கள் என்கிறீர்கள். இப்போது அவர்கள் பேசத் தயாராக இருக்கிறார்கள். அதே மேஸ்திரியிடம் அடுத்த வேலைக்குப் போய்விட்டால் பேச மாட்டார்கள். அவர்கள் கண்டதை, தம்பி காலையில் எத்தனை மணிக்கு வேலைக்கு இறங்கினார், மதியம் எவ்வளவு நேரம் உட்கார விட்டார்கள், தண்ணீர் கேன் எங்கே இருந்தது, கீழே விழுந்த பிறகு ஆம்புலன்ஸ் வர எவ்வளவு நேரம் ஆனது என்பதை, அவர்களுடைய சொந்த வார்த்தைகளிலேயே எழுதி வாங்கிக் கையெழுத்தும் தேதியும் போடச் சொல்லுங்கள். மேஸ்திரியின் நோட்டை நீங்கள் போய்க் கேட்க வேண்டாம். கேட்டால் அது காணாமல் போகும். உரிய நேரத்தில் அதைக் கொண்டுவரும்படி உத்தரவிட ஆணையருக்கு அதிகாரம் இருக்கிறது. நினைவு நாளுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்காமல், கல் செதுக்கக் கொடுக்கும் வாரத்திலேயே சத்துவாச்சாரிக்கும் ஒரு நடை போய்வந்துவிடுங்கள். அம்மாவின் ஆதார், தம்பியின் இறப்புச் சான்று, பள்ளி மாற்றுச் சான்றிதழ், வாரிசுச் சான்று, முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றில் இரண்டிரண்டு நகல் எடுத்துச் செல்லுங்கள். வயதுக்கு ஆதாரமாகப் பள்ளிச் சான்றிதழே போதும்; அது கையில் இல்லையென்றால், படித்த பள்ளியில் தலைமையாசிரியரிடம் விண்ணப்பித்து இரண்டாம் படி வாங்கிக்கொள்ளலாம்.